பழைய பெருமையிலேயே வாழும் ஒரு கல்லூரி அணிக்கு நீங்கள் ரசிகரா? அது மறுபடியும் எழும் என்று நம்புகிறீர்களா?

ஆமாம், அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி. 2009 ஆகஸ்டில் மேற்படிப்புக்காக லிங்கன் நகரத்தில் போய் இறங்கியபோது பிடித்தது, ஊருக்குத் திரும்பி இத்தனை வருஷம் ஆகியும் விடவில்லை. நான் சொல்வது காலால் உதைக்கும் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டை மாதிரிப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. அந்த மாநிலத்தில் என்.எஃப்.எல். (அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்) அணி கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் சோளக்காடு, நடுவில் இந்த ஒரே ஒரு கல்லூரி அணி. பல்கலைக்கழக வாசலையே மிதிக்காதவர்கள்கூட சனிக்கிழமையானால் சிவப்புச் சட்டைதான்.

என்னைக் கெடுத்தவர் நான் குடியிருந்த வீட்டுக்காரப் பெரியவர். அவருடைய சீசன் டிக்கெட் அவர் அப்பா வாங்கியது, நம் ஊரில் நிலம் கைமாறுவது போல மகனுக்கு வந்திருந்தது. 1962 நவம்பரிலிருந்து உள்ளூரில் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுக்க விற்றிருக்கிறது என்று அங்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். (அணி ரொம்பவும் சறுக்கிய நேரத்தில், மிச்சமான டிக்கெட்டுகளை வசதியான ரசிகர்கள் வாங்கி அந்தக் கணக்கைக் காப்பாற்றினார்கள். கௌரவப் பிரச்சினை.)

வீட்டின் பேஸ்மென்ட்டில் ஒரு பழைய டிவி, பக்கத்தில் வி.எச்.எஸ். கேசட்டுகள். டாம் ஆஸ்போர்ன் 25 வருஷம் தலைமைப் பயிற்சியாளராக இருந்து 255 ஆட்டங்கள் ஜெயித்தவர், ஒரு வருஷம்கூட ஒன்பது வெற்றிக்குக் கீழே இறங்காதவர், 1994, 1995, 1997 மூன்று தேசிய சாம்பியன் பட்டங்களும் அவருடையவை. அதற்கு முன்பு 1970, 71 பட்டங்கள் பயிற்சியாளர் பாப் டெவானி காலம். பெரியவர் அடிக்கடி போடுவது 1995 சீசனின் கடைசி ஆட்டம். ஃபுளோரிடாவை 62-24 என்று துவைத்தெடுத்தது. அதில் எங்கள் டாமி ஃப்ரேசியர் பந்தோடு 75 கெஜம் ஓடுவார், ஒருவர் பின் ஒருவராக வந்து இடுப்பைப் பிடிப்பார்கள், எல்லோரையும் உதறிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அந்த இடம் வரும்போது மட்டும் படம் கோடு கோடாக இழுக்கும், அவ்வளவு ரீவைண்ட் ஆகித் தேய்ந்த கேசட்.

ஆனால் அவர் இதைவிடப் பெருமையாகச் சொன்னது ஒரு தோல்வியைத்தான். 1984 ஆரஞ்ச் பௌல் (சீசன் முடிவில் நடக்கும் பௌல் ஆட்டங்களில் ஒன்று), மியாமியோடு, கடைசி நிமிடத்தில் 31-30 வரை எட்டிப் பிடித்தார்கள். கோட்டைத் தாண்டியதும் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பில் ஒரு புள்ளிக்கு உதைத்துச் சமன் செய்திருந்தாலே அநேகமாகப் பட்டம் கைக்கு வந்திருக்கும். ஆஸ்போர்ன் ஜெயிக்கத்தான் வேண்டும் என்று இரண்டு புள்ளிக்குப் போனார், கிடைக்கவில்லை. "அவர் செய்ததுதான் சரி" என்று பெரியவர் சொல்லும்போது கண் கலங்கும்.

சரி, என் பங்கு. 2009 நவம்பரில் ஓக்லஹோமாவை 10-3 என்று ஜெயித்த அன்றைக்கு மாணவர் பகுதியில் பெஞ்சு மேல் ஏறி நின்றிருந்தேன். முதல் புள்ளி விழுந்ததும் ஆயிரக்கணக்கில் சிவப்பு பலூன்கள் ஒரே நேரத்தில் மேலே போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. (அந்த வழக்கத்தையும் 2022-இல் நிறுத்தினார்கள், ஹீலியம் தட்டுப்பாடாம்.) அடுத்த மாதமே டெக்சஸோடு பெரிய ஆட்டம். எங்கள் தடுப்பாட்டக்காரர் சூ அன்றைக்கு எதிரணி குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) நாலரை தடவை சாய்த்தார். அதென்ன அரை என்றால், இன்னொருவரோடு சேர்ந்து சாய்த்தால் பாதிக் கணக்கு. கடிகாரம் பூஜ்யம் காட்டியது, பேஸ்மென்ட்டில் நாங்கள் குதித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் நடுவர்கள் ரீப்ளே பார்த்து ஒரு வினாடியைத் திருப்பி வைத்தார்கள். அந்த ஒரு வினாடியில் டெக்சஸ் உதைத்தது, 13-12. பெரியவர் டிவியை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார், நான் இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் விழுந்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். 2011-இல் டெக்சஸ் இருந்த லீக்கை விட்டு பிக் டென் என்ற வேறு கல்லூரி லீக்குக்கு மாறியதால் டெக்சஸ் பையன்கள் வருவது குறைந்தது என்பார்கள், அதில் உண்மை உண்டு. எனக்குத் தோன்றுவது வேறு. 1969-லேயே பளு தூக்கும் பயிற்சிக்கென்று தனியாக ஒருவரை வைத்தவர்கள் இவர்கள், எடை தூக்கினால் வேகம் போய்விடும் என்று மற்றவர்கள் பயந்த காலம் அது. உதவித்தொகை இல்லாமலே பண்ணை வீட்டுப் பையன்கள் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். இன்றைக்கு எடைக்கூடம் இல்லாத கல்லூரியே இல்லை. பழைய வித்தை எல்லோருக்கும் தெரிந்துபோனது, இவர்களுக்கு மட்டும் பழைய பசி அப்படியே இருந்தது. 2003-இல் ஒன்பது ஆட்டம் ஜெயித்த பயிற்சியாளர் சோலிச்சை அனுப்பினார்கள். பிறகு வந்த பெலினி ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட ஒன்பதுக்குக் குறையவில்லை, அவரையும் அனுப்பினார்கள். நானே அப்போது "போனால் போகட்டும்" என்று எழுதியவன். 1997-இல் பட்டம் வாங்கித் தந்த குவார்ட்டர்பேக் ஸ்காட் ஃப்ராஸ்ட், மண்ணின் மைந்தன், பயிற்சியாளராகத் திரும்பி வந்தபோது மாநிலமே கொண்டாடியது. 16 வெற்றி, 31 தோல்வி. 2021-இல் ஒன்பது ஆட்டம் தோற்றார்கள், ஒன்பதும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில். இப்படித் தோற்பதற்கும் ஒரு திறமை வேண்டும்!

மறுபடி எழுமா என்றால், 1995 மாதிரி எழாது என்றுதான் நினைக்கிறேன். இப்போது வீரர்களுக்குப் பணம் கிடைக்கிறது, பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருஷமே வேறு கல்லூரிக்குப் போகிறார்கள், யாரும் இருபத்தைந்து வருஷம் கட்டி ஆள முடியாது. ஆனால் ஃப்ராஸ்டுக்குப் பிறகு மேட் ரூல் பயிற்சியாளராக வந்தபின், 2024 டிசம்பரில் ஒரு பௌல் ஆட்டத்தில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று ஜெயித்தார்கள். பெரிய போட்டி ஒன்றும் இல்லை, கிட்டத்தட்ட ஆறுதல் பரிசுதான். அதற்கு முன்பு ஏழு சீசனாக அந்த மாதிரி ஆட்டத்துக்குக்கூடத் தகுதி பெறவில்லை என்பதால் கோயம்புத்தூரில் ராத்திரி முழித்திருந்து பார்த்தேன்.

முடிந்ததும் பெரியவரைக் கூப்பிட்டேன். எண்பதைத் தாண்டிவிட்டார், கேசட் பிளேயர் எப்போதோ போய்விட்டதாம். பட்டம் கிட்டம் எதுவும் பேசவில்லை. பக்கத்து மாநில அணியான அயோவாவிடம் தோற்றதைத்தான் பேசினார்: 2023-இல் 13-10, 2024-லும் அதே 13-10, இரண்டுமே கடைசி உதையில் போனது. "அடுத்த தடவை அவர்களை மட்டும் ஜெயித்தால் போதும்" என்றார். எனக்கும் இப்போது அவ்வளவுதான் ஆசை.