கைப்பிடியை விட்டதும் அணைந்துபோகும் பழைய பி.எஸ்.ஏ

வெள்ளவத்தையிலிருந்து எழுதியுள்ள வாசகர் ஒருவர், தந்தையார் விட்டுச்சென்ற 1956ஆம் ஆண்டு பி.எஸ்.ஏ பி31 மோட்டார் சைக்கிளின் எஞ்சினை முழுமையாகப் பிரித்துத் திருத்துவித்திருக்கிறார். சிலிண்டர் போர் அடிக்கப்பட்டு ஓவர்சைஸ் பிஸ்டனும் புதிய ரிங்குகளும் போடப்பட்டன. வால்வு இருக்கைகள் அரைக்கப்பட்டன. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அமால் மொனோபுளொக் காபரேட்டர் பொலிஷ் செய்யப்பட்டது. இப்போது எஞ்சின் மூன்றாவது உதையில் இயங்குகிறது, காலி வீதியில் நன்றாக இழுக்கிறது, ஆனால் வேகத்தைக் கூட்டும் கைப்பிடியை விட்டதும் சில வினாடிகளில் அணைந்துவிடுகிறது. கராஜில், கைப்பிடியைத் திருகாதபோது எஞ்சின் மெதுவாக ஓடும் வேகத்தை அமைக்கும் ஐட்லிங் திருகை முறுக்கி உயர்த்தியபோது அணையவில்லை. ஆனால் எஞ்சின் வேகம் ஏறிய இடத்திலேயே தங்கி, இறங்க மறுக்கிறது. எஞ்சின் சூடாக இருந்தாலும் குளிர்ந்திருந்தாலும் இதே நிலைதான். பிஸ்டன் இறுக்கமாகிவிட்டதா, புதிய காபரேட்டர் வாங்க வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

பிஸ்டன் மீது சந்தேகப்பட வேண்டியதில்லை. இறுக்கமான பிஸ்டன் சூடேறச் சூடேற எஞ்சினைத் திணறச் செய்யுமே தவிர, வேகத்தை மேலேயே தொங்கவிடாது. வேகம் இறங்காமல் தங்குவது, பெற்றோலுக்குப் பொருத்தமில்லாத அளவு காற்று உள்ளே போகிறது என்பதன் அறிகுறி. ஆகவே காபரேட்டர் வாங்கும் பணத்தை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள்.

ஆயினும் காபரேட்டரைத் தொடுவதற்கு முன் வால்வுகளைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் வால்வு சரியாக மூடாத எஞ்சினில் காபரேட்டரை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. இந்த மொடலில் உதைப்பதை எளிதாக்குவதற்காக எக்ஸ்ஹோஸ்ட் வால்வைத் தூக்கிவிடும் ஒரு சிறு லீவர் உண்டு. எஞ்சினை மீளப் பூட்டும்போது அதன் கேபிளைச் சற்று இழுத்துக் கட்டிவிட்டால் வால்வு ஒரு மயிரிழை திறந்தபடியே நிற்கும். வேகமாக ஓடும்போது அது தெரியாது, ஐட்லிங்கில் மட்டும் எஞ்சின் அணையும். லீவரில் சிறிது தளர்வு இருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். அடுத்து, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் டெப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் உறுப்புக்கும் இடையிலுள்ள இடைவெளி) அளந்து, இரண்டு வால்வுகளுக்கும் 0.003 அங்குலம் வையுங்கள். புதிதாக அரைத்த இருக்கையில் வால்வு பதியப் பதிய இந்த இடைவெளி குறைந்துகொண்டே போகும் என்பதால், கராஜில் சரியாக வைத்திருந்தாலும் இன்று அது சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது.

என்னுடைய முதன்மையான சந்தேகம் காபரேட்டர் சிலிண்டர் தலையுடன் சேரும் இடத்தின் மீதுதான். அமால் காபரேட்டரின் பட்டைமுகம், அதாவது சிலிண்டர் தலையுடன் சேரும் தட்டையான முகம், மென்மையான உலோகத்தால் ஆனது. அதை இரண்டு நட்டுகள் மட்டுமே பிடித்திருக்கின்றன. காற்று கசியக் கூடாது என்று பலங்கொண்ட மட்டும் இறுக்கினால் இரு முனைகளும் வளைந்து, நடுப்பகுதி குழிந்து, கசிவு உண்டாகும். நான் பார்த்த பழைய அமால்களில் இந்த வளைவு இல்லாதது அரிது. காபரேட்டரைக் கழற்றி, முகத்தின் குறுக்கே இரும்பு அளவுகோலின் விளிம்பை வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் துளையைச் சுற்றி ஒளிக்கீற்று தெரிந்தால் அதுதான் குற்றவாளி. தடித்த கண்ணாடித் துண்டின் மேல் நுண்ணிய எமரித் தாளை நனைத்து ஒட்டி, முகத்தை எட்டு வடிவில் மெதுவாகத் தேய்த்து மட்டமாக்கலாம். மூட்டின் இடையே வைக்கும் கஸ்கட்டை இரண்டு மூன்று அடுக்காக வைப்பது தீர்வல்ல. அது வளைவைக் கூட்டும். உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் இந்த மூட்டுக்கான ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வாங்குவதானால் பெற்றோலைத் தாங்கும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். கழற்றாமலே சோதிக்க விரும்பினால், எஞ்சின் ஓடும்போது அந்த மூட்டைச் சுற்றிச் சிறு தூரிகையால் எஞ்சின் ஒயிலைத் தடவுங்கள்; வேகம் மாறினால் கசிவு உறுதி. இதற்குப் பெற்றோலைப் பயன்படுத்தவே கூடாது, சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது சந்தேகம் அந்தப் பொலிஷ். கண்ணுக்கு அழகாக இருக்கும், எஞ்சினுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. மாறாக, பொலிஷ் மெழுகு ஐட்லிங்குக்கான நுண்துளைகளில் போய் இறுகிவிடும். மொனோபுளொக்கில் ஐட்லிங்குக்குப் பெற்றோலை அளந்துவிடும் பைலட் ஜெட்டைத் தனியே கழற்றலாம். ஆனால் ஜெட்டை மட்டும் ஊதிச் சுத்தம் செய்துவிட்டு நிறுத்தினால் வேலை பாதிதான். கைப்பிடியைத் திருகும்போது ஏறி இறங்கும் ஸ்லைடை எடுத்துவிட்டு உள்ளே பார்த்தால், தரையில் மிகச் சிறிய இரண்டு துளைகள் தெரியும். ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் பைலட் திருகைக் கழற்றிய இடத்தில் கிளீனரைப் பீய்ச்சும்போது அவை இரண்டிலிருந்தும் அது வெளியே தெறிக்க வேண்டும். திருகை முழுவதும் உள்ளே செலுத்தினாலும் வெளியே எடுத்தாலும் எஞ்சினின் ஓசையில் மாற்றமே இல்லையென்றால், இந்த வழி அடைபட்டிருக்கிறது அல்லது முன்சொன்ன கசிவு இன்னும் இருக்கிறது என்று கொள்ளலாம்.

பிளக்கின் பொறிக்கு மின்சாரம் தரும் மெக்னீற்றோவை இறுதியில் பாருங்கள். அது எஞ்சினின் பாதி வேகத்தில்தான் சுழல்கிறது. ஆகவே ஐட்லிங்கில் அதன் பொறி மிகவும் மெலிந்திருக்கும். அதன் பொயின்ற் (மின் தொடுமுனை) இடைவெளி 0.012 அங்குலமும், பிளக் இடைவெளி ஏறத்தாழ அரை மில்லிமீற்றரும் இருந்தால் போதும். சூடேறிய பின் மட்டும் அணைந்தால் மெக்னீற்றோவின் கண்டன்சரைச் சந்தேகித்திருப்பேன். உங்கள் வண்டியில் அப்படி இல்லை.

இவையெல்லாம் முடிந்த பிறகே ஐட்லிங்கைச் சரிசெய்ய வேண்டும். பைலட் திருகை மெதுவாக அடிவரை மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்து, அதிகாலையில் காலிமுகத்திடல் வரை ஓட்டிச் சென்று எஞ்சினைச் சூடாக்குங்கள். திரும்பி வந்ததும் ஐட்லிங் திருகால் வேகத்தைச் சற்று உயர்த்தி, எஞ்சின் மிகச் சீராக ஓடும் நிலை வரும்வரை பைலட் திருகை கால் சுற்று கால் சுற்றாக நகர்த்துங்கள்; பிறகு வேகத்தைக் குறைத்து, மறுபடியும் அதையே செய்யுங்கள். அமாலில் இது காற்றுத் திருகு என்பதால் உள்ளே முறுக்கினால் பெற்றோல் கூடும், குறையாது. இதை மறந்து எதிர்த்திசையில் திருப்புபவர்கள் பலர். ஹாண்டிலை இருபுறமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, கேபிள் இழுபட்டு வேகம் மாறவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். புதிய ரிங்குகள் பதியும் வரை எஞ்சினில் உராய்வு அதிகம். எனவே முதல் 500 மைல் வரை ஐட்லிங்கைச் சிறிது கூட்டியே வைத்திருந்து, அதன் பிறகு டெப்பட்டை மீண்டும் அளந்துவிட்டுக் குறையுங்கள்.