வீட்டுத் தோட்டத்தில் நீச்சல் குட்டை: கேள்வி பதில்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் பண்ணைக்குட்டைகளுக்கு, தண்ணீர் மண்ணில் இறங்காமலிருக்க பிளாஸ்டிக் ஷீட் விரிப்பது என் வேலை. இப்போது வீட்டுக்குப் பின்னால் குளிக்க, நீந்த ஒரு குட்டை வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். கேட்டவர்களின் ஊர்ப் பெயரைப் போட்டு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

காட்பாடி: அண்ணே, 30க்கு 20 அடி இடம் இருக்கு. எவ்வளவு ஆழம், எவ்வளவு ஷீட்?

5 அடி ஆழம் போதும். மொரம்பு மண் என்றால் அடிக்கு அடி சரிவு நிற்கும், அடியில் 10 அடி அகலம் கிடைக்கும். மண் இளகல் என்றால் சரிவு அடிக்கு ஒன்றரை அடியாகப் போகும், அடியில் 5 அடிதான் மிஞ்சும். அதனால் ஜேசிபி வருவதற்கு முன்பே ஒரு குழி எடுத்து மண்ணைப் பாருங்கள்.

ஷீட் கணக்கு எளிது. நீளத்தோடு ஆழத்தை இரண்டு தடவை கூட்டி, கரையில் புதைக்க இரண்டு பக்கமும் 2 அடி சேர்க்கவேண்டும். உங்களுக்கு 44க்கு 34. பண்ணைக்குட்டைக்கு 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் கனத்தில், எச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட் போடுவது வழக்கம். ஆள் இறங்கும் குட்டைக்கு நான் 750க்குக் குறைந்து போடுவதில்லை.

முழு இடத்தையும் நீந்த விடாதீர்கள். ஆஸ்திரியாவில் 1980களில் இந்த முறையைப் பரப்பியவர்கள், நீந்தும் இடத்துக்குச் சமமாகச் செடிக்கும் இடம் விட்டார்கள். தண்ணீரைப் பச்சையாக்கும் சத்தைச் செடி உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் இடத்தில் 12 அடியாவது ஒதுக்கி, ஒன்றரை அடி ஆழத்தில் ஜல்லி போட்டு, சம்பு, கோரை, அல்லி வையுங்கள். நடுவில் மண் மூட்டை வரப்பு, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே. சின்ன மோட்டார் ஒன்று தண்ணீரைச் செடிப் பக்கம் சுற்றவிடட்டும்.

விரிப்பதற்கு முன் சலித்த மணல் 2 அங்குலம் போட்டுவிட்டு வெறுங்காலோடு முழுக் குழியையும் நடந்து பார்ப்பேன். என் காலில் குத்துகிற கல் ஷீட்டையும் குத்தும். விரிப்பது காலையில்தான். மத்தியான வெயிலில் ஷீட் நீண்டு சுருக்கம் விழும். அப்போது இழுத்துக் கட்டினால் ராத்திரி குளிரில் விறைத்துக்கொள்ளும்.

இன்னொன்று: பாசி பிடித்த ஷீட்டில் ஏறி வரவே முடியாது. கயிறும் படியும் இல்லாமல் தண்ணீர் விடாதீர்கள்.

ஆம்பூர்: போர் தண்ணீர் உப்பு. விடலாமா?

முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள், குரோமியமும் பார்க்கச் சொல்லுங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையில் இறங்கிய கதை உங்கள் ஊருக்குத் தெரியும், 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. சந்தேகம் இருந்தால் மழைநீர்தான். 1000 சதுர அடி மாடி, 100 மில்லிமீட்டர் மழைக்கு 9000 லிட்டர் தரும்.

குடியாத்தம்: கோடையில் எவ்வளவு தண்ணீர் வற்றும்?

அக்கினி நட்சத்திரத்தில் நாளுக்கு 7 மில்லிமீட்டர் என்று வைத்தால், 600 சதுர அடிக்கு 400 லிட்டர். மாதம் ஒரு 12,000 லிட்டர் லாரி.

ராணிப்பேட்டை: தார்ப்பாய் போட்டால் ஆகாதா?

ஆகாது. வெயிலில் கிழியும்.

பேரணாம்பட்டு, பெரியவர் ஒருவர்: எங்கள் காலத்தில் ஷீட் ஏது தம்பி? ஏரி வண்டலை மிதித்துப் பூசினோம், நின்றது. மண்ணில் பிளாஸ்டிக்கைப் புதைக்கிறீர்களே.

ஐயா, நீங்கள் சொல்வது உண்மை. ஒரு அடி கனத்துக்குக் களிமண்ணை ஈரமாக மிதித்தால் தண்ணீர் நிற்கும். நஞ்சை நிலத்தில் களி தானாக இருந்தால் நானே ஷீட் வேண்டாம் என்பேன். ஆனால் காட்பாடி, வேலூர் மலையடியில் 3 அடிக்குக் கீழே மொரம்பும் உடைந்த பாறையும்தான். பூசிய களி ஒரு கோடை காய்ந்தால் வெடிக்கும், வெடித்த இடத்தில் அத்தனையும் கீழே போகும்.

ஆற்காடு: பெரியவர் சொல்வதே சரி. களி போட்டால் மீனும் தவளையும் வரும்.

ஷீட் குட்டையிலும் தவளை வரும். களியில் நாலு பேர் குதித்தால் தண்ணீர் சாயங்காலம் வரை கலங்கியே இருக்கும்.

மறுபடி பெரியவர்: காய விடாமல் பார்த்துக்கொள்வதுதானே குட்டை வைப்பவன் வேலை?

ஆமாம் ஐயா. ஊர் ஏரியைக் காய விடாமல் காத்த கையும் மடையும் இருந்த காலத்து முறை அது. மே மாதம் போர் வற்றிய வீட்டில் அதை நம்பி 60,000 லிட்டர் விட எனக்குத் துணிவில்லை. பிளாஸ்டிக் பற்றிய உங்கள் கவலை எனக்கும் உண்டு. வெயில் படும் விளிம்புதான் முதலில் நொறுங்கும், அதனால் மண்ணும் கல்லும் போட்டு மூடச் சொல்கிறேன்.

வாணியம்பாடி: வருஷா வருஷம் காலி செய்து கழுவலாமா?

மழைக்காலத்தில் கூடாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது ஆற்றோரத் தோட்டம் ஒன்றில் காலிக் குட்டையின் ஷீட் அடியில் ஊறிய நீரால் பந்துபோல் எழுந்து நின்றது. நான் விரித்ததுதான்.

சோளிங்கர்: பிளீச்சிங் பவுடர் போடலாமா? கொசு?

பவுடர் செடியைக் கொல்லும். கொசுவுக்கு, அதன் புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாம், அது ஏரிக்குப் போய்விடாமல் பாருங்கள். சூடேறி அசையாமல் கிடக்கும் தண்ணீரில் மூக்கை மூடாமல் குதிக்கவேண்டாம். 2024இல் கேரளத்தில், மூக்கு வழியே ஏறும் அமீபாவால் வரும் மூளைக்காய்ச்சலில் குழந்தைகள் இறந்தார்கள்.

திருவலம்: தார்ப்பாய் இரண்டு மடிப்பாகப் போட்டால்?

மேலே சொல்லிவிட்டேன். எத்தனை மடிப்பு ஆனாலும் வேண்டாம்.

வேலூர்: வீட்டில் 7 வயது, 4 வயது பிள்ளைகள். வேலி போட்டால் போதுமா அண்ணே?

போதாது தம்பி. 5 அடி வேலியும், தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும் வேண்டும். அதற்கு மேல், நாலு பக்கமும் கிணற்றுக் கயிறு, அடிக்கு ஒரு முடிச்சு, மேலே கல்தூணில் கட்டி, நுனி குழியின் தரையைத் தொடவேண்டும். ஒரு பக்கம் படி. குழி காய்ந்திருக்கும்போதே பெரிய பிள்ளையை இறக்கி, கயிற்றைப் பிடித்து ஏறி வரச் சொல்லுங்கள். அவன் தனியாக ஏறி வந்த பிறகு மோட்டார் போடுங்கள். சின்னவனை ஒரு நிமிஷம்கூடக் கரையில் தனியே விடாதீர்கள்.