மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு ஃப்ளோட் சுவிட்ச் மட்டும் போதுமா?

மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியாமல் இருக்க ஒரு ஃப்ளோட் சுவிட்ச் (நீர்மட்டத்துக்கு ஏற்ப மோட்டாரை ஓடவிட்டு நிறுத்தும் மிதவை) போதுமா, அதை எப்படிப் பொருத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். வழியாமல் இருப்பதற்குப் போதும். எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகளாக அதுதான் இருக்கிறது. ஆனால் முதல் மாதம் அதனோடு நான் பட்ட பாட்டுக்குக் காரணம் சுவிட்ச் அன்று, அதன் கேபிளில் கோத்திருக்கும் எடைக்குண்டை நான் நிறுத்தியிருந்த இடம்.

கேபிளில் தொங்கும் வகை மிதவைகள் பெரும்பாலானவற்றில், மிதவை மேல்நோக்கிச் சாயும்போது உள்ளே இருக்கும் ஒரு குண்டு உருண்டு சென்று சிறிய சுவிட்ச் ஒன்றை அழுத்துகிறது. எடைக்குண்டுக்கும் மிதவைக்கும் இடையே விடும் கேபிளின் நீளம்தான், மோட்டார் ஓடத் தொடங்கும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் உள்ள இடைவெளியை முடிவு செய்கிறது. நான் நான்கு விரற்கடைதான் விட்டிருந்தேன். ஒரு மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் 10 செ.மீ. உயரம் என்பது ஏறத்தாழ 80 லிட்டர், அதாவது நாலைந்து வாளி. ஆகவே இருவர் குளித்து முடிப்பதற்குள் மோட்டார் ஓடும், சற்று நேரத்தில் நின்றுவிடும், பாத்திரம் கழுவத் தொடங்கினால் மறுபடியும் ஓடும். தொடங்கும் கணத்தில் மோட்டார் இழுக்கும் மின்சாரம் வழக்கமாக ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு என்பதால், இந்த விளையாட்டு அதற்கு ஆகாது. கேபிளை முக்கால் முழத்துக்கு நீட்டி, மிதவை சுவரிலும் உள்வரும் குழாயிலும் இடிக்காதபடி நடுவில் தொங்கவிட்ட பிறகு, நாளுக்கு இரண்டு முறைக்குமேல் ஓடுவதில்லை.

கேபிளில் மூன்று வயர்கள் இருக்கும். அவற்றின் நிறம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால் அதை நம்ப வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரும் மல்டிமீட்டரும் போதும்: மிதவை கீழே தொங்கும்போது இணைந்தும், மிதக்கும்போது பிரிந்தும் இருக்கும் இரண்டு வயர்கள்தாம் மேல்தொட்டிக்கு உரியவை. மோட்டாரின் மின்சாரத்தை அதன் வழியாகவே செலுத்தாமல், கான்டாக்டர் (சிறிய மின்சாரத்தால் இயங்கி, மோட்டாரின் பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றை இயக்க மட்டும் பயன்படுத்தினால் சுவிட்சின் முனைகள் கருகாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மோட்டார் சம்ப்பிலிருந்து (தரைக்கடித் தொட்டியிலிருந்து) இறைக்கிறது என்றால், அங்கும் ஒரு மிதவை வைத்து (தண்ணீர் இருந்தால் இணையும் வயர்களை எடுத்து) மேல்மிதவையுடன் தொடராக இணையுங்கள்; இரண்டும் இணைந்திருந்தால் மட்டுமே மோட்டார் ஓடும். ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலை வந்தால் நான் சம்ப்புக்குத்தான் வாங்குவேன். தொட்டி வழிந்தால் தண்ணீர்தான் வீண், வெற்றாக ஓடினால் மோட்டாரின் சீலே (தண்ணீர் கசியாமல் தடுக்கும் அடைப்பு) கருகிவிடும்.

கேபிள் இணைப்பு எதுவும் தொட்டிக்குள் இருக்கக்கூடாது. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம் வேண்டும். தொட்டி கழுவ ஆளை இறக்கும் முன் மெயினை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் தண்ணீர் வற்றியதும் மிதவை தொங்கி, அவர் உள்ளே நிற்கும்போதே மோட்டாரை ஓடவிட்டுவிடும்.