ஹிட்லரின் நாஜி ஜெர்மனி கொன்ற யூதர்கள் எல்லோருமே விஷவாயு முகாம்களில்தான் கொல்லப்பட்டார்களா?

இல்லை. 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெரும்பாலும் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே, காட்டோரங்களிலும் பள்ளங்களிலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

போலந்தின் யூசெஃபூவ் என்ற சிற்றூரையே பாருங்கள். 1942 ஜூலை 13 விடியற்காலையில் ஜெர்மனியின் ரிசர்வ் போலீஸ் படைப்பிரிவு 101 அங்கே வந்து இறங்கியது. பலர் ஹாம்பர்க் நகரத்து நடுவயதுக் குடும்பஸ்தர்கள். தளபதி வில்ஹெல்ம் டிராப் ஊர் யூதர்களைச் சுட்டுக் கொல்லும் உத்தரவைக் கண்கலங்கச் சொல்லிவிட்டு, படையினரில் அதைச் செய்ய முடியாத வயதானவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார். சுமார் 500 பேரில் அப்போது விலகியவர்கள் ஒரு டஜன் பேர்தான். அவர்களை யாரும் தண்டிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

யூதர்களில் உழைக்கத் தெம்புள்ள ஆண்களை மட்டும் வேலை முகாமுக்குப் பிரித்தார்கள். நடக்க முடியாதவர்களை இருந்த இடத்திலேயே சுட்டார்கள். மற்றவர்களை, பெண்களும் குழந்தைகளும் உட்பட, லாரியில் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். இரவுக்குள் சுமார் 1,500 பேர் பிணமாகிக் கிடந்தார்கள்.