கரையில் எரிந்த கரிநெருப்பு

அன்புள்ள ஐயா,

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நான் விட்டதே இல்லை. எழுப்புதல் கூட்டம் எங்கே நடந்தாலும் போவேன். ஆனாலும் இரண்டு வருடமாக உள்ளம் வறண்டு கிடக்கிறது. "நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்" என்ற வசனம் எனக்கே எழுதியதுபோல் குத்துகிறது. அந்த அன்பை மறுபடி உண்டாக்க இன்னும் என்ன செய்ய வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

"உண்டாக்க" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் உங்களைப்போலத்தான். ஆக்ஸ்போர்டில் இருந்த நாளில் புதனும் வெள்ளியும் உபவாசம், சிறைக் கைதிகளைப் போய்ப் பார்ப்பது என்று ஒன்றையும் குறைவைக்கவில்லை. கப்பலேறி அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்கும் போனார். 1738இல் மனம் உடைந்து திரும்பினார். அந்த வருடம் மே 24 மாலை லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்துக்கு மனமில்லாமல் போய் உட்கார்ந்தார். ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். எட்டே முக்கால் மணி வாக்கில் தன் இதயம் வினோதமாய் அனல்கொண்டது என்று நாட்குறிப்பில் எழுதினார். அன்றைக்கு அவர் எதையும் செய்யவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரசங்கங்களில் பெரும்பாலும் கதை இங்கே முடிந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பக்கம். 1739 ஜனவரியில் அதே மனிதர், நான் இன்னும் கிறிஸ்தவன் இல்லை, தேவனை நேசிக்கவில்லை என்று எழுதுகிறார். அனல் இறங்கிவிட்டது. ஆனால் மூன்றே மாதத்தில் பிரிஸ்டலில் வெட்டவெளியில் நின்று ஏழைகளுக்கு நற்செய்தி சொன்னார். தன் நெஞ்சின் சூட்டை நம்பியிருந்தால் அங்கே போயிருக்க மாட்டார்.

சரி, உங்களைக் குத்தும் வசனத்துக்கு அடுத்த வரியைப் பாருங்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் எபேசு சபைக்கு முதலில் சொல்லப்படுவது 'நினைத்து' என்பதே. கிரியை அப்புறம் வருகிறது.

எதை நினைப்பது? யோவான் சுவிசேஷம் 21ஆம் அதிகாரத்தை. பேதுரு இயேசுவை மறுதலித்தது பிரதான ஆசாரியனின் முற்றத்தில், கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு. திபேரியாக் கடற்கரையில் இயேசு மூட்டி வைத்திருந்ததும் கரிநெருப்பு. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் வருகிறது. 153 மீன்களோடு வலையைக் கரைக்கு இழுத்துப் போடும் முன்பே நெருப்பின்மேல் மீன் வெந்துகொண்டிருந்தது, அப்பமும் இருந்தது. ராத்திரி முழுக்க ஒன்றும் அகப்படாத, ஈரத்தோடு நின்றவர்களிடம், "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். "நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" என்று பேதுருவைக் கேட்டது அவன் சாப்பிட்டு முடித்த பிறகு.

உபவாசத்தை விடச் சொல்லவில்லை. வருகிற வெள்ளி ஒரு நாள் மட்டும் காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அந்த அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். ஒன்றும் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு எழுதுங்கள்.