வயிறு எரிகிறது, நான் சீஷன்தானா?

சகோதரரே, ஏமாற்றியவரை நேசிக்க முடியவில்லையே, நான் இயேசுவின் சீஷன்தானா (சீடன்தானா) என்று கேட்கிறீர்கள். சீட்டுப் பணத்தில் உங்களை ஏமாற்றியவர் ஞாயிறுதோறும் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொன்னால் வயிறு எரியத்தான் செய்யும், அதனால் நீங்கள் சீஷன் இல்லை என்று ஆகிவிடாது. வேதாகமத்தில் யோவான் 13-ம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள்: இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவியபோது, அவரைக் காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசும் அங்கேதான் இருந்தான், அவன் எழுந்து இருட்டுக்குள் போன பிறகுதான் ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள் என்ற புதிய கட்டளையே வருகிறது. அங்கே அன்பு என்பது தண்ணீரும் துண்டும்தான். பாசம் பொங்கியதா என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம், பணத்தைக் கேட்பது அன்புக்கு விரோதம் என்று உங்களுக்கு யார் சொன்னது? தனியாகப் போய்க் குற்றத்தை உணர்த்து என்கிறது மத்தேயு 18:15. சபையில் நாலு பேரிடம் புலம்புவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போங்கள், சீட்டு நோட்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு.