வேரில் ஒரு பழம், கொம்பில் ஒரு பழம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். குறுந்தொகையின் 18ஆம் பாடலை என் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தது. சிறு கொம்பில் பெரிய பலாப்பழம் தொங்குவதைப் போலத் தலைவியின் உயிர் மிகச் சிறியது, காமமோ பெரியது என்னும் உவமை அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. எனக்குத்தான் இரண்டு ஐயங்கள். நாங்கள் பண்ருட்டிப் பக்கத்தில் பலா வைத்திருப்பவர்கள். அடிமரத்திலும் பருத்த கிளையிலும் காய்க்குமே தவிர, மெல்லிய நுனிக் கொம்பில் பெரிய பழம் தொங்கி நான் பார்த்ததில்லை. உவமைக்காகப் பாட்டைப் பாடிய கபிலர் இயற்கையை வளைத்துக்கொண்டாரா? அடுத்தது, முதல் அடியில் வரும் மூங்கில் வேலி தலைவியின் வீட்டுக் காவலைக் குறிப்பதாக மகளின் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறது. பாட்டில் அப்படி எங்கும் இல்லையே. இல்லாத பொருளை நாம் ஏற்றிச் சொல்கிறோமா?

செ.

அன்புள்ள செ.,

மற்ற வாசகர்களுக்காகப் பாடலை முழுவதும் தந்துவிடுகிறேன். இரவில் வந்து தலைவியைச் சந்தித்துத் திரும்பும் தலைவனைத் தோழி எதிர்ப்பட்டு, விரைவில் மணந்துகொள்ளும்படி கேட்பதாக அமைந்த ஐந்தடிப் பாட்டு இது.

வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யாரஃ தறிந்திசி னோரே சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்கிவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே

உங்கள் முதல் ஐயத்தில் பாதி விடை உங்கள் தோப்பிலேயே இருக்கிறது. பலாவின் பூங்கொத்து, அடிமரத்திலிருந்தோ பருத்த கிளையிலிருந்தோ கிளம்பும் குட்டையான சிறு கிளையில் பிறக்கிறது. பழமும் அதைப் பற்றிக்கொண்டே தொங்குகிறது. 'கோடு' என்றால் கொம்பு என்றுதான் பொருள். நுனி என்பது நாம் மனத்தில் சேர்த்துக்கொண்ட சொல். மரத்தோடு ஒப்பிடாமல் பழத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அதைத் தாங்கி நிற்பது எவ்வளவு சிறியது என்பது உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆகவே கபிலர் எதையும் வளைக்கவில்லை என்றே கருதுகிறேன்.

இந்த உவமையில் பலர் வழுக்குகிற இடம் வேறொன்று. பழம் என்றதும் அதைத் தலைவியாக எண்ணி, பழுத்த பழம் விழுந்துவிடும் என்று விளக்கத் தொடங்குகிறோம். பாட்டு அப்படிச் சொல்லவில்லை. கொம்பு அவள் உயிர், பழம் அவள் காமம். இன்னதற்கு இன்னது என்று கடைசி அடி நிரல்படப் பிரித்தே கொடுத்துவிடுகிறது. அப்படியானால் அஞ்ச வேண்டியது பழம் விழுவதை அன்று, பாரம் தாங்காமல் கொம்பு முறிவதை. அந்தப் பழம் தொடக்கத்திலேயே அவ்வளவு பெரியதாக இருந்ததும் இல்லை. விரலளவுப் பிஞ்சாக இருந்தபோது அந்தக் கொம்புக்கு அது ஒரு சுமையே அன்று. மாதங்கள் செல்லச் செல்லப் பழம் பருத்த அளவுக்குக் கொம்பு பருப்பதில்லை. தலைவன் வந்துபோன ஒவ்வோர் இரவும் எதை வளர்த்தது, எதை வளர்க்கவில்லை என்பதைத் தோழி வாய்விட்டுச் சொல்லவில்லை. 'சிறிது', 'பெரிது' என்னும் இரண்டு அளவுச் சொற்களோடு நிறுத்திக்கொள்கிறாள்.

இனி வேலிக்கு வருவோம். வெளிப்படையான உவமைக்கு இந்தப் பாட்டில் 'ஆங்கு' என்னும் உருபு இருக்கிறது. முதல் அடியில் அப்படி எதுவும் இல்லை. அது தலைவனுடைய நாட்டைப் பற்றிய அடைமொழியாக மட்டுமே நிற்கிறது. இத்தகைய இடங்களில், தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை, அதாவது அந்தந்த நிலத்துக்கு உரிய மரம், விலங்கு, பறவை போன்றவற்றை, நிலைக்களமாகக் கொண்டு ஓர் ஒப்புமை உள்ளே தங்கியிருக்கலாம் என்று தொல்காப்பியம் சொல்கிறது. உள்ளுறை உவமம் என்பது அதுவே. எனவே சொல்லப்படாத பொருளைத் தேடுவது குற்றமில்லை. ஆனால் அந்தத் தேடலுக்குச் சொற்றொடரின் இலக்கணமே எல்லை. வேலியும் வேரில் காய்க்கும் பலாவும் 'சாரல் நாட', அதாவது மலைச்சரிவு நாட்டவனே, என்னும் விளியைத் தழுவி நிற்கின்றன. அவை அவனுடைய மலையைச் சேர்ந்தவை. அவன் மலையில் இருக்கும் வேலியைப் பெயர்த்துக்கொண்டுபோய் அவள் வீட்டைச் சுற்றி நடுவதற்குப் பாட்டு இடம் தரவில்லை. குறிப்பேட்டில் உள்ள விளக்கம் அந்த வகையில் எனக்கு உடன்பாடில்லை.

ஐந்தடிகளுக்குள் பலா இருமுறை வருகிறது, 'சாரல்' என்ற சொல்லும் இருமுறை வருகிறது. இவ்வளவு சிக்கனமான பாட்டில் இது தற்செயல் என்று என்னால் நம்ப இயலவில்லை. அவன் பக்கத்துப் பலா வேரில் காய்க்கிறது. அங்கே பழம் எவ்வளவு பருத்தாலும் மண் தாங்கிக்கொள்ளும், முறிவதற்கு ஒரு கொம்பு இல்லை, சுற்றிலும் வேலியும் இருக்கிறது. இவள் பக்கத்துப் பழத்துக்குத் தாங்கல் சிறு கொம்பு மட்டுமே. இரண்டும் பலா, இரண்டும் சாரல். அவனால் பொறுத்திருக்க முடிகிறது, இவளால் முடியாது. 'செவ்வி' என்ற சொல்லையும் கவனியுங்கள். மணந்துகொள்வதற்கு உரிய காலத்தை உண்டாக்கிக்கொள் என்பது இங்கே அதன் பொருள். பருவம், பக்குவம் என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. பலாவை முன்னால் வைத்துவிட்டு அந்தச் சொல்லைத் தேர்ந்த தோழி, என் கணிப்பில், தலைவனைவிடக் கெட்டிக்காரி.

எல்லா இயற்கைப் பொருளையும் இப்படி உரித்துப் பார்க்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. குறுந்தொகை 25இல், அதுவும் கபிலர் பாடலே, தலைவன் தன்னைக் களவில் கூடிய நாளில் வேறு யாரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்பார்த்து நின்ற ஒரு குருகுதான் இருந்தது என்கிறாள் தலைவி. அந்தக் குருகைத் தலைவனின் குறியீடு என்று சிலர் விளக்குகிறார்கள், விளக்கட்டும். எனக்கு அது முதலில் ஒரு குருகு. சாட்சி சொல்ல வாயில்லாத, மீனிலேயே கண்ணாக இருந்த பறவை என்பதால்தான் அவளுடைய தனிமை அவ்வளவு சுடுகிறது. குறியீடாக்கிவிட்டால் அங்கே நின்ற ஒரே சாட்சியும் போய்விடும்.

உங்கள் மகளைத் தோப்புக்கு அழைத்துச் சென்று, வேரருகில் காய்த்த பழம் ஒன்றையும் மேலே தொங்கும் பழம் ஒன்றையும் காட்டிவிட்டு, எது யாருடைய சாரலைச் சேர்ந்தது என்று கேட்டுப் பாருங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.